புதுப்பிப்பு: நண்பன் மறைவுக்குப் பிறகு

ஊரில் என் நண்பன் இறந்துவிட்டான், வெளிநாட்டிலிருந்து என்னால் போக முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. இறுதிச் சடங்கைக் கைபேசியில் நேரலையாகத்தான் பார்த்தேன்.

பல நிறுவனங்களில் துக்க விடுப்பு நெருங்கிய உறவினர்களுக்கு மட்டுமே. நண்பன் அந்தப் பட்டியலில் வருவதில்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். என் இளமையை முழுதாக அறிந்தவன் அவன் ஒருவன்தான். மனைவிக்கோ அவன் தொலைபேசிக் குரல் மட்டும். அதனால் வீட்டுக்குள்ளேயே தனியாக அழ நேர்ந்தது. பிறகு மகள், “அவர் எப்படி இருப்பார், அப்பா?” என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், இப்போது சாப்பாட்டு வேளைகளில் மூவரும் அவனைப் பற்றிப் பேசுகிறோம்.

அவன் அம்மாவிடம் வாரந்தோறும் பேசுகிறேன். அடுத்த விடுமுறைக்கு அவரைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று.