சம்பந்தி வீட்டாரை எங்க கூட்டிட்டுப் போறது?

குழு: நம்ம வீடு, ரங்கூன் – பெகு

மீனா அண்ணி: காரைக்குடி சம்பந்தி ஞாயிறு சாயங்காலம் இறங்குறாங்க. கல்யாணம் புதன். நடுவுல ரெண்டு நாள் இருக்கு. நடந்தே ஊரைப் பாக்கணுமாம், ஓவியம் இருக்குற மியூசியமும் வேணுமாம்

பிரபு: திங்கள் மியூசியம், செவ்வாய் போஜோ மார்க்கெட். முடிஞ்சுது 👍

வடிவேலு பெரியப்பா: திங்கள் ரெண்டுமே லீவு. அதனால திங்கள் வெளிய நின்னு பாக்குற கட்டடங்க, செவ்வாய் மியூசியம். காலைல ஆறரைக்கு அனோரதா ரோட்டு காளி கோயில்ல தொடங்குங்க. 1871ல நம்மாளுங்க கட்டினது, மத்தியானம் நடை சாத்திருவாங்க. பக்கத்துலயே 26ஆம் தெருவுல யூதர் கோயில். அங்கேருந்து கிழக்கே நடந்தா சூலே பகோடா. எதிர்ல சிட்டி ஹால், 1936, பர்மா பாணி அடுக்குக் கூரை. பார்க்கைக் கடந்தா செங்கல் ஹைகோர்ட்டு, 1911. அப்புறம் பேயர் தெருவுல தெற்கே இறங்கி ஆத்தங்கரை

கீதா: பேயர் தெரு மேப்புலயே இல்லையே

வடிவேலு பெரியப்பா: பேரை மாத்திட்டாங்க, பான்சொடான்னு போடு. டல்ஹவுசிக்கு மகாபந்துலா, மொகல் தெருவுக்கு சுவே பொந்தா

பிரபு: பெரியப்பாகிட்ட வெள்ளைக்காரன் மேப்பு 😂

செல்வி அத்தை: எங்க வீட்டுக்காரரு வந்தப்ப ஸ்டேஷனுக்கே ஆள் வரலை. சம்பந்திக்கு மட்டும் தெருத் தெருவா விளக்கம்

மீனா அண்ணி: அத்தை, இப்ப வேணாமே

கீதா: நலங்குக்கு சம்பந்தியம்மாவுக்கு எந்தக் கலர் சேலை?

செல்வி அத்தை: பச்சை வேணாம்

வடிவேலு பெரியப்பா: சேலை பிறகு. செருப்பு முக்கியம். பகோடாவுக்குள்ள சாக்ஸும் ஆகாது, அதனால ஷூ வேணாம், கழட்டி மாட்டுறதுக்குச் சுலபமான செருப்பு போதும். பிளாட்பாரப் பலகை சாக்கடைக்கு மேல போட்டது, பாதி ஆடும், சிலது இல்லவே இல்லை. அண்ணாந்து கட்டடம் பாக்கணும்னா நின்னு பாக்கச் சொல்லுங்க. போலீஸ், சிப்பாய் நிக்கிற கட்டடத்தைப் படம் எடுக்கவே கூடாது

பிரபு: செக்ரட்டேரியட்?

வடிவேலு பெரியப்பா: 1947ல பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சானைச் சுட்ட இடம். இன்னும் கிழக்கே போகணும். வெயில் ஏறிட்டா விட்டுருங்க. சம்பந்திக்குச் சுகர், பத்து மணிக்குள்ள ஒரு டீக்கடையில உக்கார வைக்கணும்

கீதா: சுவேடகோன் பகோடா?

வடிவேலு பெரியப்பா: சாயங்காலம் நாலரைக்கு மேல. உச்சி வெயில்ல பளிங்குத் தரை காலைச் சுட்டுரும். தெற்கு வாசல்ல 104 படி, முட்டி வலின்னா லிஃப்ட். வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனி டிக்கெட், பாஸ்போர்ட் கையில இருக்கட்டும். முட்டிக்கு மேல துணி போட்டா விட மாட்டாங்க

செல்வி அத்தை: காரைக்குடிக்காரங்க ட்ரவுசரா போடப் போறாங்க

மீனா அண்ணி: 😄 மியூசியத்துல என்ன பாக்கணும் பெரியப்பா?

வடிவேலு பெரியப்பா: நேஷனல் மியூசியம், பியே ரோடு. சூலேலருந்து ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, வண்டியிலயே போயிருங்க. சிங்காசனத்தை முதல்ல பாருங்க. மண்டலே அரண்மனைச் சிங்காசனங்கள்ல மிஞ்சினது இது ஒண்ணுதான். 1945ல அரண்மனை எரிஞ்சப்ப இது கல்கத்தாவுல இருந்துச்சு, அதான் தப்பிச்சுது. 1948ல திருப்பிக் குடுத்தாங்க. ஓவியம் மேல் மாடியில. பர்மா ஓவியர் பா ஞானோட எண்ணெய் ஓவியம் முன்னாடி கொஞ்ச நேரம் நில்லுங்க, லண்டன்ல படிச்சு வந்து நம்ம ஆத்துலயும் சந்தையிலயும் விழற வெளிச்சத்தைப் பிடிச்சவர். கரண்ட் போனா உள்ளே இருட்டு, சின்ன டார்ச் வச்சுக்கங்க. அஞ்சு மாடியையும் ஒரே மூச்சுல ஏறினா கடைசி ரெண்டுல எதுவும் மனசுல நிக்காது

பிரபு: செவ்வாய் எனக்கு டியூட்டி

கீதா: எனக்கு பார்லர்

மீனா அண்ணி: திங்களாவது?

பிரபு: அரை நாள் வர்றேன். ஹைகோர்ட்டு வரைக்கும்

செல்வி அத்தை: நான் காளி கோயில் மட்டும். வண்டி யாரோடது?

மீனா அண்ணி: பெரியப்பா வண்டி?

வடிவேலு பெரியப்பா: பேட்டரி பாக்கணும்

கீதா: பச்சை ஏன் வேணாம் அத்தை, வாங்கியாச்சு