மாந்தோப்பில் தேனீப் பெட்டி வைக்கலாமா?

போச்சம்பள்ளி விவசாயி: நாலு ஏக்கர் மா இருக்கிறது. கலிபோர்னியாவில் பிப்ரவரியில் பாதாம் பூக்கும்போது லாரி லாரியாகத் தேனீ கொண்டுவந்து, ஏக்கருக்கு 2 பெட்டி கணக்கில் வாடகைக்கு வைக்கிறார்களாம். இங்கேயும் வைத்தால் காய்ப்பு கூடுமா?

பாலக்கோடு தேன்காரன்: அண்ணா, பாதாம் கதை வேறு. பெரும்பாலான ரகங்களுக்கு வேறு ரகத்து மகரந்தம் வந்தால்தான் காய்ப்பு, அதனால் தேனீ இல்லாமல் ஆகாது. மாம்பூவுக்கு ஈக்களும் நிறைய வரும். தேனீயும் வரும், ஆனால் பக்கத்தில் நல்ல பூ வேறு இருந்தால் அங்கே ஓடிவிடும். வையுங்கள், ஆனால் பூ விரிந்திருக்கும்போது தத்துப்பூச்சி மருந்து மட்டும் வேண்டாம். போன வருஷம் பக்கத்துத் தோப்பில் பட்டப்பகலில் அடித்து எனக்கு 6 பெட்டி காலி.

போச்சம்பள்ளி விவசாயி: ஐயோ! சரி, முதலில் பக்கத்துத் தோப்புக்காரரிடம் பேசுகிறேன்.

ஊத்தங்கரை அக்கா: அடித்தே ஆகவேண்டுமென்றால் பொழுது சாய்ந்தபின் அடிக்கச் சொல்லுங்கள் தம்பி. அப்புறம் பெட்டிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம், இல்லாவிட்டால் எறும்பு விடாது.