வடக்குப் பக்கச் சந்தில் எதை வைத்தாலும் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

கிணற்றடி (ஆகஸ்ட் 3):

வணக்கம். மேடவாக்கத்தில் தனி வீடு. வீட்டுக்கு வடக்கே, வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் 3½ அடி அகலம், 20 அடி நீளத்தில் ஒரு சந்து இருக்கிறது. மூன்று வருடமாக அதோடு போராடுகிறேன். முதலில் ரோஜா வைத்தேன், ஒரே மாதத்தில் காய்ந்தது. குண்டுமல்லிக் கொடி நீளமாக ஓடியதே தவிர மொட்டு விடவில்லை. செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. சரி, நிழல் இடம்தானே என்று மணி பிளான்ட்டும் கலாடியமும் வைத்தேன். மார்ச் வரை செழிப்பாக இருந்தன. மே மாதம் இலையெல்லாம் வெந்த மாதிரி வெளுத்துவிட்டன. இப்போது இலை ஓரத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன்.

என் மாமியாருக்குச் சாமிக்கு நாலு பூ தன் கையால் பறிக்க வேண்டும். முட்டி வலியால் மாடி ஏற முடியாது. அவர் நடந்து போகக்கூடிய இடம் இந்தச் சந்து ஒன்றுதான். அதனால் விட மனசில்லை.

மொட்டைமாடி:

சில விவரம் சொல்லுங்கள். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? ஏசியின் வெளி யூனிட் அந்தப் பக்கமா? ஓரடி ஆழத்தில் குழி தோண்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, எப்போது வடிகிறது என்று பாருங்கள்.

கிணற்றடி:

ஆர்ஓ மெஷினில் கழியும் தண்ணீர்தான், வீணாக்க வேண்டாமே என்று. ஏசி யூனிட் கிழக்குக் கோடியில் இரண்டடி உயரத்தில் இருக்கிறது. குழி தோண்டியதும் திக்கென்று ஆகிவிட்டது. மேலே நாலு விரல் ஆழத்துக்குத்தான் செம்மண். அதற்குக் கீழே செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, ஒரு முழக் கம்பி. மாலையில் ஊற்றிய தண்ணீர் காலையிலும் அப்படியே நின்றது. மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

வேப்பமரத்தடி:

அக்கா, ரோஜாவுக்கும் மல்லிக்கும் வெயில் போதவில்லை, அது உண்மை. மற்றதற்கெல்லாம் நிழல் மேல் பழி போடாதீர்கள். மண்ணும் தண்ணீரும்தான் காரணம்.

ஆர்ஓ கழிவுநீரில் மெஷினுக்குள் போகும் தண்ணீரைவிட உப்பு கூடுதலாக இருக்கும். மண் மேல் பூத்திருக்கும் வெள்ளையும் அதுதான், இலை ஓரம் கருகுவதும் அதனால்தான். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிடையாது, பிடித்து ஊற்றலாம். ஆனால் யூனிட்டின் சூடான காற்று படும் மூன்றடிக்குள் எதையும் நடாதீர்கள். அங்கே ஒரு கல் பலகை போட்டால் மாமியார் உட்காரக்கூட ஆகாது, அவ்வளவு அனல் அடிக்கும்.

மே மாத விஷயம் பலருக்கும் பிடிபடுவதில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் ஒருமுறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாலு மாதமும் நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். வருடம் முழுக்க நிழலில் கிடந்த உங்கள் சந்தில், கத்திரி வெயில் நேரத்தில்தான் வெயில் இறங்குகிறது. நிழலில் வளர்ந்த மெல்லிய இலை அதைத் தாங்காது. சித்திரை பிறந்ததும் பச்சை நிழல்வலை கட்டிவிட்டு ஆவணியில் கழற்றுங்கள்.

இப்போது வேலை. மதிலை ஒட்டி இரண்டடி அகலம் மட்டும் பாத்தி, மீதி நடக்க. ஒன்றரை அடி ஆழத்துக்கு ரப்பிஷ் முழுவதையும் அள்ளி வெளியேற்றுங்கள். சிமென்ட் கட்டி கிடந்தால் மண் காரமாகும், இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காது, நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இளம் இலை மஞ்சளாகும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணலும் தேங்காய் நார்க்கழிவும் சேர்த்து ஒரு பங்கு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. வீட்டுச் சுவர் பக்கம் ஜல்லி பரப்புங்கள். பேஸ்மட்டத்துக்கு மேல் மண் ஏறினால் சுவரில் ஓதம் ஏறும்.

பூவுக்கு நாட்டு ஆரஞ்சுக் கனகாம்பரம். அரை நிழலிலும் பூக்கும். சந்தின் வெளிச்சமான முனையில் வையுங்கள். முற்றிய காயில் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், பக்கத்திலேயே நாற்று முளைக்கும். அதே முனையில் ஒரு நந்தியாவட்டை. இருட்டான நடுப்பகுதியில் பெரணி, சிங்கோனியம், ஈரம் நிற்கும் இடத்தில் வல்லாரை. மதிலில் வெற்றிலைக் கொடி ஏற்றலாம்.

ஆடிப்பட்டம்:

வெற்றிலையை இந்த வருடம் வைக்க வேண்டாம் என்பேன். ஐப்பசி மழையில் வடிகால் எப்படி என்று பார்த்துவிட்டு தையில் நடலாம், தண்ணீர் நின்றால் தண்டு அழுகிவிடும். நர்சரியில் நிழலுக்கு என்று டிஃபன்பேக்கியா கொடுப்பார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வாங்காதீர்கள், கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும்.

கிணற்றடி (நவம்பர் 24):

எல்லோருக்கும் நன்றி. ரப்பிஷ் மட்டும் 46 மூட்டை வந்தது! போன வாரக் கனமழையில் காலையில் நின்ற தண்ணீர் மதியத்துக்குள் வடிந்துவிட்டது. ஆசைக்கு ஒரு வெற்றிலை வைத்தேன், ஆடிப்பட்டம் சொன்னபடியே அழுகியது. கனகாம்பரம் ஆறு செடியும் பிடித்துக்கொண்டன. இன்று மாமியார் முக்காலி போட்டு உட்கார்ந்து, கதிரிலிருந்து ஒவ்வொரு பூவாக உருவி, வாழைநாரில் கட்டி அம்மன் படத்துக்குச் சாத்தினார். ஒரு சாண் சரம்தான்.

இப்போது ஒரே தொல்லை, இரவில் உள்ளங்கை அகல நத்தைகள். வல்லாரை இலையே மிஞ்சுவதில்லை.

மொட்டைமாடி:

அது ஆப்பிரிக்க நத்தை. கோணிச்சாக்கை நனைத்து, அடியில் முட்டைக்கோஸ் இலை போட்டு இரவு வைத்துவிடுங்கள். விடிந்ததும் எல்லாம் சாக்கடியில் கிடக்கும். வெறும் கையால் தொடாதீர்கள், அதில் ஒட்டுண்ணி இருக்கலாம். கையுறை போட்டு எடுத்து, பக்கெட்டில் உப்புக் கரைசலில் போடுங்கள். அந்தக் கரைசலைப் பாத்தியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.