இருமலுக்கு அதிமதுரக் கஷாயம் தினமும் கொடுக்கலாமா? வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது

தூறல்:
அப்பாவுக்கு 68 வயது. சளியும் காய்ச்சலும் போய்விட்டன, இருமல் மட்டும் ஒரு வாரம் தாண்டியும் விடவில்லை. வறட்டு இருமல், இரவில் அதிகம். பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். அம்மா காலையும் மாலையும் அதிமதுரம், திப்பிலி தட்டிப் போட்டுக் கஷாயம் வைக்கிறார். தொண்டைக்கு இதமாக இருப்பதால் அப்பாவே கேட்டு வாங்கிக் குடிக்கிறார். ஆடாதோடையும் சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம். என் எட்டு மாதக் குழந்தைக்கும் மூக்கு ஒழுகுகிறது. துளசிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் அம்மா. எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும்?

பச்சிலை:
ஆடாதோடையைத் தாராளமாகச் சேருங்கள். எனக்கு நெஞ்சில் சளி கட்டினால் அதுதான் மருந்து, கசப்பைப் பொறுத்துக்கொண்டால் சளி இளகி வந்துவிடும். அதிமதுரமும் மூலிகைதானே, ஒன்றும் செய்யாது.

குப்பி_மருந்து:
மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். வீட்டில் நானும் கஷாயம் வைப்பவள்தான்.

முதலில் குழந்தை. தூறல், ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டுகூட. தேனில் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளர வைத்துவிடும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. கற்பூரம் கலந்த தைலமும் இரண்டு வயதுக்கு முன் கூடாது. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள், தாய்ப்பாலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், அது போதும். அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

அப்பா விஷயத்தில் பச்சிலை சொன்னதை ஏற்க முடியவில்லை. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும், பொட்டாசியத்தை வெளியேற்றும். எப்போதாவது ஒரு வேளை குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தினமும் இரண்டு வேளை என்றால் பிரஷர் ஏறும். நீர் பிரியும் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவை என்பதால் இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இன்றே நிறுத்துங்கள். திப்பிலியில் உள்ள பைப்பரின் சில மருந்துகளை ரத்தத்தில் கூடுதலாகச் சேர வைக்கும். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

ஆடாதோடை மீது எனக்கு மரியாதை உண்டு. அதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சினை உருவாக்கினார்கள், இருமல் சிரப்புகளில் வரும் அம்ப்ராக்சாலும் அந்த வழியில் வந்ததே. கருப்பையைத் தூண்டும் என்பதால் கர்ப்பிணிகள் மட்டும் தொடவே கூடாது. ஆனால் சளியே இல்லாத வறட்டு இருமலில் இளக்குவதற்கு என்ன இருக்கிறது? சர்க்கரை நோய் இல்லையென்றால் படுக்கும் முன் அப்பாவுக்கு ஒரு தேக்கரண்டி தேன் கொடுங்கள். தொண்டை இதமாகும்.

அப்புறம், முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். அவருடைய பிரஷர் மாத்திரையின் பெயர் என்ன? எனாலப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடிகிறதா? அந்த வகை மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம். அப்படியானால் எந்தக் கஷாயமும் கேட்காது.

பச்சிலை:
பிரஷரைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. என் மாமியாரும் அதிமதுரத்தை மென்றுகொண்டே இருப்பார், அவருக்கும் பிரஷர் உண்டு. இன்றே சொல்லிவிடுகிறேன்.

தூறல்:
அட்டையைப் பார்த்தேன் அக்கா, ராமிப்ரில்தான். இந்த வருடத் தொடக்கத்தில் மாற்றிக் கொடுத்தது. யோசித்துப் பார்த்தால் சளி பிடிப்பதற்கு முன்பே லேசாகச் செருமிக்கொண்டுதான் இருந்தார். மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாமா? தேன் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். குழந்தைக்கு ஆகாது என்றதும் உடனே ஒத்துக்கொண்டார்.

குப்பி_மருந்து:
நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் மறுபடி ஏறிவிடும். நாளையே மருத்துவரைப் பார்த்து, இருமல் எப்போது தொடங்கியது என்பதையும் கஷாயம் குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் இருமல் அடங்கும், சிலருக்கு இன்னும் தாமதமாகலாம். இதற்கிடையில் காய்ச்சல் திரும்பினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை குறைந்தாலோ மாத்திரையின் மேல் பழி போட்டுச் சும்மா இருக்க வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் எடுக்க வேண்டும்.