கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பும் காணொளியில் லிபரோவின் ஆட்டத்தை எப்படிக் காட்டுவது?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளி அணியிலும் கிளப் அணியிலும் லிபரோவாக, அதாவது பின்வரிசையில் நின்று தற்காப்பு மட்டுமே ஆடுபவளாக, கைப்பந்து ஆடுகிறாள். கல்லூரி அணியில் சேர விரும்புவதால், பயிற்சியாளர்களுக்கு அனுப்ப ஒரு காணொளியைத் தொகுத்துவருகிறோம். வலைக்கு மேலிருந்து பந்தை வேகமாக ஸ்பைக் அடிப்பவர்களின் காணொளியில் ஒவ்வோர் அடியும் தானாகவே கண்ணைக் கவர்கிறது. பந்தை எடுத்துக் கொடுப்பதையே வேலையாகக் கொண்ட லிபரோவுக்கு எதைக் காட்டுவது என்றுதான் புரியவில்லை. பாய்ந்து விழுந்து எடுத்த பந்துகளை மட்டும் இசையோடு சேர்த்தால் போதுமா? இப்போதே அனுப்பலாமா?

முதல் பதில்:
சகோதரி, பாய்ந்து எடுத்த பந்துகள் இருக்கட்டும். ஆனால் அவற்றை முதலில் வைக்காதீர்கள். லிபரோவைத் தேடும் பயிற்சியாளருக்கு முக்கியமானது, எதிரணி ஆட்டத்தைத் தொடங்கி அடிக்கும் முதல் பந்தை, அதாவது செர்வை, அவர் எடுக்கும் விதம். ஆகவே ஒவ்வொரு துண்டும் செர்வ் போடுவதற்கு ஓரிரு நொடி முன்பே தொடங்கி, பந்து செட்டரிடம் (ஸ்பைக் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவரிடம்) போய்ச் சேரும் வரை ஓட வேண்டும். மகளின் கையில் பந்து பட்டவுடனே வெட்டிவிட்டால், அது வலையருகே நின்ற செட்டரின் கைக்கே போனதா, அல்லது அவரைப் பின்னால் ஓடவைத்ததா என்பது தெரியாமல் போய்விடும். லிபரோவை எடைபோடுவதோ அதை வைத்துத்தான். பந்து வருமுன் கால்கள் நகர்ந்தனவா, அடிப்பவரின் தோளைப் பார்த்து இடம் மாறினாளா, பக்கத்தில் நிற்பவருக்குக் குரல் கொடுத்தாளா என்பவையும் அந்த ஓரிரு நொடியில்தான் தெரியும். சரியான இடத்தில் முன்கூட்டியே நின்று, பாய வேண்டிய தேவையே இல்லாமல் எடுத்த பந்துக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கேமராவை எண்ட் லைனுக்கு (ஆடுகளத்தின் பின் எல்லைக் கோட்டுக்கு) பின்னால், தலைக்கு மேலான உயரத்தில், முழு ஆடுகளமும் தெரியும்படி அசையாமல் நிறுத்துங்கள். மகளை மட்டும் ஜூம் செய்து எடுத்தால் அவள் எங்கே நிற்கிறாள் என்பதே விளங்காது. நீளம் 3 முதல் 5 நிமிடம் போதும். இசை வேண்டாம், களத்தில் அவள் பேசும் குரல் கேட்கட்டும். முதல் திரையில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, உயரம், ஜெர்சி எண், ஜிபிஏ (படிப்பின் சராசரி மதிப்பெண்), மின்னஞ்சல் ஆகியவை இருக்கட்டும். லிபரோவின் ஜெர்சி வேறு நிறம் என்பதால் அம்புக்குறி தேவைப்படாது.

இரண்டாம் பதில்:
எப்போது அனுப்பலாம் என்பதற்கு மட்டும் சொல்கிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வைத்திருக்கிறது. அதன் விதிப்படி, முதல் பிரிவுக் கல்லூரிகளின் கைப்பந்துப் பயிற்சியாளர்கள், பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15 முதல்தான் மாணவியிடம் சேர்க்கை குறித்துப் பேசவோ எழுதவோ முடியும். மாணவி தன் காணொளியை அனுப்ப அப்படி எந்தத் தடையும் இல்லை. எனவே இப்போது அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம். அந்தத் தேதிக்குள் அவர்கள் பார்த்துவைத்திருப்பதே பயன். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது என்றாலும், படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற நிதியுதவி உண்டு.

யூடியூபில் ஏற்றும்போது 'அன்லிஸ்டட்' (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் வகை) என்று வையுங்கள். 'பிரைவேட்' என்று வைத்தால், இணைப்பு கையில் இருந்தாலும் பயிற்சியாளரால் திறக்க முடியாது. மின்னஞ்சலை நீங்கள் எழுதாமல் மகளே எழுதட்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. செர்வ் எடுக்கும் காட்சிகளை முதலில் வைத்துத் தொகுப்பை மாற்றிவிடுகிறோம். இதோடு ஒரு முழு ஆட்டத்தின் பதிவையும் அனுப்ப வேண்டுமா? எங்களிடம் உள்ள தெளிவான பதிவு அவர்கள் தோற்ற ஆட்டத்தினுடையது.

முதல் பதில் எழுதியவர்:
அவசியம் அனுப்புங்கள். தொகுப்பு பிடித்துப்போனால் பயிற்சியாளர் அடுத்துக் கேட்பது வெட்டப்படாத ஆட்டத்தைத்தான். இணைப்பை அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுவது நல்லது. வலுவாக செர்வ் போடும் அணியிடம் தோற்ற ஆட்டமாக இருந்தால் தயங்கவே வேண்டாம். ஒரு பந்தைத் தவறவிட்ட பிறகு அடுத்த செர்வுக்கு அவள் எப்படித் தயாராகிறாள் என்பதை எந்தத் தொகுப்பிலும் காட்ட முடியாது, அதை முழு ஆட்டத்தில்தான் பார்க்க முடியும்.