என் புனைமொழி தமிழாகவே வந்து நிற்கிறது, எங்கே தவறுகிறேன்?

கல்நிலா எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாகத் 'தெமுரா' என்று ஒரு மொழியை உருவாக்கி வருகிறேன். ஒரு கற்பனைத் தீவு மக்களின் மொழி. 900 சொற்கள், எட்டு வேற்றுமைகள், மூன்று காலங்கள், தனி எழுத்து எல்லாம் இருக்கின்றன. ஒலிகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ழ, ள, ண கிடையாது; ஹ, ஷ உண்டு. காதில் விழும்போது தமிழ் போலவே இருக்காது.

போன வாரம் அதில் ஒரு சின்னக் கதை எழுத உட்கார்ந்தேன். பத்து வரி போனதும்தான் உறைத்தது: தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் தருகிறேன்.

லீசா ஹோர்-நெ சுமு மே-தல் நி பேக்கா-யு தவ்-ர்-ஓன்.
(நேற்று வந்த பையன் என்னிடம் ஒரு கல்லைக் கொடுத்தான்.)

வினையை நடுவில் வைத்துப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தின் 'தி' போல ஒன்றைச் சேர்த்தேன். இப்போது ஆங்கிலம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாச் சொற்களையும் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? இரண்டு வருட உழைப்பு, மனசு வரவில்லை.

எழுத்திலும் ஒரு சிக்கல். எகர ஒலிக்கான குறி மெய்க்கு முன்னால் வர வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருளில் எழுத்துரு செய்து தட்டச்சு செய்தால், குறி மெய்க்குப் பின்னாலேயே நிற்கிறது. நகர மாட்டேன் என்கிறது.

மணல்வரி எழுதியது:

சொற்களைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் கோளாறு இல்லை.

உங்கள் வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். 12 துண்டுகள். தமிழ் வாக்கியத்தையும் பிரியுங்கள்: நேற்று, வ, ந்த, பையன், என், இடம், ஒரு, கல், ஐ, கொடு, த்த், ஆன். அதுவும் 12, அதே வரிசை. 'வந்த' என்பதில் காலம் காட்டும் 'ந்த்' வேறு, பெயரெச்சத்து 'அ' வேறு. நாம் பேசும்போது அவை ஒன்றாகக் காதில் விழுவதால், நீங்களும் இரண்டையும் சேர்த்து 'நெ' என்று ஒரே துண்டாக்கிவிட்டீர்கள். தமிழ் எங்கே ஒட்டியதோ அங்கே உங்கள் மொழியும் ஒட்டியிருக்கிறது. இதை 'ரீலெக்ஸ்' என்பார்கள். உடல் தாய்மொழி, சட்டை மட்டும் புதிது. புனைமொழி செய்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் மொழியில் இதைச் செய்துதான் தாண்டுகிறார்கள். நானும் அப்படித்தான்.

வினையை நடுவில் வைத்ததால் ஏன் சரியாகவில்லை? வரிசை மேல்மட்டம். உண்மையான சிக்கல் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு பொருளை வளைத்துப் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. உங்கள் பட்டியலில் 'பிடி' என்ற சொல்லுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? கயிற்றைப் பிடிப்பதற்கும், ஒருவரைப் பிடித்துப்போவதற்கும், சளி பிடிப்பதற்கும், மழை பிடித்துக்கொள்வதற்கும் ஒரே சொல்தானா? அப்படியென்றால் அந்தத் தீவு மக்கள் தமிழ் பேசுகிறார்கள்.

'கேள்' இன்னொன்று. காதால் கேட்பதும், வினா கேட்பதும், வேண்டிக் கேட்பதும் நமக்கு ஒரே வினை. ஆங்கிலம் காதால் கேட்பதைத் தனியே பிரிக்கிறது. மறுபக்கம், நாம் 'நாம்', 'நாங்கள்' என்று பிரிப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குகிறது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள். ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியில் இடம், வலம் பார்த்து வழி சொல்வதில்லை, திசையைத்தான் சொல்வார்கள். சோன்யா லாங் 2001-இல் வெளியிட்ட தோக்கி போனாவில் மொத்தமே சுமார் 120 சொற்கள். அதில் 'தெலோ' என்றால் தண்ணீர், எந்தத் திரவமும் அதே. இவை எல்லாம் கத்தரி எங்கே விழுகிறது என்ற வித்தியாசம்தான்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். 900-ஐயும் தொட வேண்டாம். பிடி, கேள், போடு, விடு, எடு, வை, பார், அடி என்று அதிகம் புழங்கும் வினைகளாக ஒரு முப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியுங்கள். அப்புறம் தமிழ் பிரித்து வைத்திருக்கும் இரண்டைச் சேருங்கள். எதைச் சேர்ப்பது என்பதைத் தீவு சொல்லட்டும்: அலையில் வாழ்கிறவர்களுக்கு 'வருவது'ம் 'ஏறுவது'ம் ஒன்றாக இருக்கலாம். ஏன் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள், ஆனால் அதைக் கட்டாயமாக்குங்கள். என் பரிந்துரை, 'எப்படித் தெரியும்' என்பதை வினையில் காட்டுவது. தமிழில் 'வந்தானாம்' இருக்கிறது. விரும்பினால் சேர்க்கலாம், விடலாம். அமேசான் பகுதியின் துயூக்கா மொழியில் விட முடியாது. கண்டதா, காதால் அறிந்ததா, அடையாளம் வைத்து ஊகித்ததா, பிறர் சொன்னதா என்பது போன்ற ஐந்து வகையில் ஒன்றை வினையோடு சொல்லியே ஆக வேண்டும். இப்படி ஒரு கட்டாயம் வந்துவிட்டால், தமிழில் நினைத்து மாற்றி வைக்கவே முடியாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் தமிழ் உங்களிடம் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏட்டுக்கோடு எழுதியது:

எழுத்துரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பழுது உங்கள் ஃபான்ட்டில் இல்லை. 'கெ' என்று தட்டும்போது கொம்பு முன்னால் போவது, அது தமிழ்க் குறி என்று மென்பொருளுக்குத் தெரிந்திருப்பதால். உங்கள் எழுத்துகளை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் வைத்திருப்பீர்கள் (எந்த மொழிக்கும் ஒதுக்காமல், அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கும் இடம்). அங்கே இருக்கும் எதைப் பற்றியும் மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது, இடம் மாற்றவும் செய்யாது.

வழி உண்டு. மெய்யும் குறியும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் ஒரே கூட்டு வடிவமாக மாற்றும் விதியை எழுத்துருவுக்குள் எழுதுங்கள். அந்த வடிவத்தில் குறியை முன்னால் வரைந்துவிடுங்கள். 16 மெய் என்றால் 16 வடிவம், ஒரு மாலை வேலை.

ஆனால் மணல்வரி கேட்டதையே நானும் கேட்கிறேன். அந்தக் குறி ஏன் முன்னால் வருகிறது? தமிழில் அப்படி இருப்பதால்தானே? க, கா, கி, கீ என்று பெட்டி போட்டு எழுத்தை அடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொரிய எழுத்தை மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்டார். அதில் ககர எழுத்து நாக்கின் அடிப்பகுதி எழும்பி நிற்கும் வடிவம், மகர எழுத்து வாயின் வடிவம். மூச்சு அதிகமானால் ஒரு கோடு கூடும். செரோக்கி மொழிக்கு 1821-இல் சீக்வோயா செய்து முடித்தது முற்றிலும் வேறு வழி: ஒவ்வோர் அசைக்கும் ஓர் எழுத்து, இன்று புழக்கத்தில் 85. உயிர்க்குறி என்ற பேச்சே கிடையாது. தெமுராவில் எத்தனை அசைகள் வரும் என்று எண்ணிப் பாருங்கள், அதுவே பொருந்தலாம்.

இன்னொன்று, ஃபான்ட் வேலைக்கு முன்னால் பேனாவை எடுத்து ஒரு பக்கம் வேகமாக எழுதுங்கள். எந்த இரண்டு எழுத்து ஒன்றுபோல் ஆகிறதோ, அதில் ஒன்றை மாற்றியாக வேண்டும். கணினியில் அழகாக இருந்த என் ஏழு எழுத்துகள் அப்படித்தான் போயின.

கிளைநதி எழுதியது:

நண்பரே, பழைய சொற்களுக்கு ஒரு நல்ல பயன் சொல்கிறேன். அந்த 900-ஐத் தெமுராவின் மூதாதை மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருடம் கழித்து அவை எப்படித் தேய்ந்திருக்கும் என்று ஒலிமாற்ற விதிகளை ஓட்டுங்கள். விதி விலக்கில்லாமல் எல்லாச் சொல்லிலும் ஓட வேண்டும், பிடித்த சொல்லுக்காக நிறுத்தக் கூடாது.

கன்னடத்தைப் பாருங்கள். சொல் முதலில் வரும் பகரம் ஹகரமானது: பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. ஒரே விதி, ஒரு மொழியின் முகமே மாறிவிட்டது. தமிழ் தன் பங்குக்கு, சொல் முதலில் இ, எ போன்ற உயிரோடு வந்த ககரத்தைப் பல சொற்களில் சகரமாக்கியது: கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. இரண்டு மூன்று விதி போதும், உங்கள் ஒழுங்கான பட்டியலில் மேடு பள்ளம் தானாக வரும்.

கல்நிலா எழுதியது:

மூவருக்கும் நன்றி. 'பிடி'க்கு ஒரே சொல்தான் வைத்திருந்தேன். எட்டுப் பொருள். பார்த்ததும் வெட்கமாகப் போயிற்று.

பத்து நாள் உட்கார்ந்தேன். இரண்டு விதி வைத்தேன்: சொல் இறுதி உயிர் விழும் (ஓரசைச் சொல்லிலும் ஒட்டிலும் விழாது), சொல் முதல் ஹகரம் விழும். சுமு 'சும்' ஆனது, பேக்கா 'பேக்' ஆனது, ஹோர் 'ஓர்' ஆனது. பன்மைக்கு 'லி' சேர்த்தபோது நான் நினைக்காதது நடந்தது. பின்னால் ஒட்டு இருப்பதால் அங்கே உயிர் விழாது. ஒரு பையன் 'சும்', பல பையன்கள் 'சுமுலி'. ஒருமையில் தொலைந்த உகரம் பன்மையில் திரும்பி வருகிறது! அந்த வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயரெச்சத்தை எடுத்துவிட்டேன், இரண்டு சின்ன வாக்கியங்களாகச் சொல்வார்கள். 'கொடு' என்ற வினை இல்லை, பெறுகிறவர்தான் எழுவாய். பேக் என்பது கையில் அடங்கும் கல் மட்டும். வினையோடு 'ஷா' (கண்டது), 'மு' (அடையாளத்தால் அறிந்தது), 'தெ' (பிறர் சொன்னது), மூன்றில் ஒன்று கட்டாயம். எழுத்தில், அசைக்கு ஓர் எழுத்து முறையை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதே வாக்கியம் இப்போது:

சும் லீச் ஓர்-ஷா. தோ மே பேக் நல்-ஷா.
(பையன் நேற்று வந்தான். அவனிடமிருந்து நான் கைக்கல் பெற்றேன்.)

மணல்வரி எழுதியது:

அருமை. இது வேறு மொழி. துண்டுக்குத் துண்டு வைக்கப் பார்த்தேன், பொருந்தவில்லை.

ஒரே ஒரு கேள்வி. இரண்டு வாக்கியத்திலும் 'ஷா' வைத்திருக்கிறீர்கள். கல் கைக்கு வந்ததை நீங்கள் கண்டீர்கள், சரி. பையன் நேற்று தீவுக்கு வந்து இறங்கியதையும் கண்டீர்களா?

கல்நிலா எழுதியது:

இல்லை! கதையில் அவன் வரும்போது சொல்கிறவள் தூங்கிக்கொண்டிருப்பாள். காலையில் மணலில் படகு இழுத்த தடத்தைத்தான் பார்ப்பாள். அப்படியானால் முதல் வினை 'மு'.

சும் லீச் ஓர்-மு. தோ மே பேக் நல்-ஷா.

இதைத் தமிழில் திருப்பிச் சொல்லப் பார்த்தேன். 'வந்தான்' போதவில்லை. 'வந்தானாம்' என்றால் யாரோ சொன்னதாகிவிடும். 'வந்திருக்கிறான்' கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் கண்ணால் கண்டதற்கும் அப்படிச் சொல்லலாம். கதையை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கிவிட்டேன்.