கவுன்சில் மேல் புகாரா? ஒரு வருடக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

இங்கிலாந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, பள்ளியில் பிள்ளை ஏதோ சொல்லப்போய் கவுன்சிலின் (உள்ளாட்சி நிர்வாகத்தின்) சோஷியல் வொர்க்கர், அதாவது பிள்ளைகள் பாதுகாப்பைப் பார்க்கும் அலுவலர், வீட்டுக்கு வந்துவிட்டார், எழுதிய ரிப்போர்ட் முழுக்கத் தப்பு, எப்போது புகார் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே கொடுங்கள். கேஸ் முடியட்டும் என்று காத்திருந்து நான் பட்ட பாடு போதும்.

2022 மார்ச்சில் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மனைவிக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாக வராது. மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை, ஒன்பது வயது மகளையே நடுவில் உட்கார வைத்துக் கேட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் என்ன சொல்வார் என்று கேட்டதற்கு, "கொன்னுடுவேன்" என்பதை அவள் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். சாப்பிடாத பிள்ளையிடம் நம் வீடுகளில் நாளுக்கு நாலு தடவை வருகிற வார்த்தை. ரிப்போர்ட்டில் அது கொலை மிரட்டலாக ஏறிவிட்டது. அந்த ரிப்போர்ட்டே எங்கள் கைக்கு வந்தது 2023 ஜனவரியில், கவுன்சில் எங்களைப் பற்றி வைத்திருக்கும் ஃபைலைக் கேட்டு நாங்கள் எழுதிய பிறகு.

மே மாதம் புகார் போட்டேன். "ஒரு வருடம் தாண்டிவிட்டது" என்று நாலு வரியில் பதில் வந்தது.

இங்கிலாந்து விதி இதுதான்: புகாருக்கான காரணம் ஏற்பட்டு ஒரு வருடம் கடந்துவிட்டால் கவுன்சில் அதை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேஸ் மூடிய தேதியிலிருந்து எண்ணுவது இல்லை, தவறு நடந்த நாளிலிருந்து. ஆனால் அதற்கு முன்பே நீங்கள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, கூடவே இப்போதும் சரியாக விசாரிக்க முடியும் என்றால் தாமதமானதையும் எடுக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டுதான் நான் மறுபடி எழுதினேன்: ரிப்போர்ட்டைப் பார்த்ததே ஜனவரியில், பார்க்காததைப் பற்றி எப்படிப் புகார் சொல்வது? எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் எல்லாமே வேலை நாள் கணக்கு. முதல் கட்டப் பதிலுக்கு 10 நாள், சிக்கலானது என்றால் 20. பதில் திருப்தி இல்லை என்றால் 20 நாளுக்குள் இரண்டாம் கட்டம் கேளுங்கள், பதிலே வராமல் கெடு தாண்டினாலும் கேட்கலாம். அதில் விசாரணை அதிகாரியோடு கவுன்சிலைச் சேராத ஒருவரும் இருப்பார். 25 நாள் என்பார்கள், 65 வரை இழுக்கலாம், எங்களுக்கு இழுத்தது. அப்புறம் மறுஆய்வுக் குழு, அதையும் 20 நாளுக்குள் கேட்க வேண்டும். கடைசியில் ஓம்பட்ஸ்மன், கவுன்சில்கள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் தனி அமைப்பு. அங்கேயும் ஒரு 12 மாதம் உண்டு, விஷயம் உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து. கவுன்சில் இழுத்ததால் அது தாண்டினால் தாமதத்துக்கான காரணத்தைத் தேதியோடு சொல்லுங்கள்.

கோர்ட்டில் வழக்கு நடந்தால் கதை வேறு. வழக்குக்கு இடைஞ்சலாகும் என்று கவுன்சில் புகாரை நிறுத்தி வைக்கலாம், முடிந்தபின் ஒரு வருடத்துக்குள் திரும்பக் கொடுக்கலாம். கோர்ட் தீர்ப்பை ஓம்பட்ஸ்மன் தொடவே மாட்டார். சைல்ட் ப்ரொடெக்‌ஷன் கான்ஃபரன்ஸ் (பிள்ளைக்குப் பாதுகாப்புத் திட்டம் வேண்டுமா என்று பல துறையினர் கூடி முடிவு செய்யும் கூட்டம்) முடிவு பற்றிய புகார் பல ஊர்களில் தனி வழியில் போகும், உங்கள் கவுன்சிலில் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.

விசாவில் கை வைத்துவிடுவார்களோ என்று என் மனைவி தூங்காமல் கிடந்தாள். விசா ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சகம்) கையில், கவுன்சில் கையில் இல்லை. ஒன்று மட்டும், புகார் கொடுத்தோம் என்பதற்காக அவர்கள் வரும்போது கதவைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். புகார் ஒரு பக்கம், அவர்கள் விசாரணை ஒரு பக்கம்.

இன்று இரவே செய்ய வேண்டியது: வந்த தேதி, வந்தவர் பெயர், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா இல்லையா, மூன்றையும் எழுதி உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். ஃபைலையும் இப்போதே கேளுங்கள், காசு கிடையாது, சாதாரணமாக ஒரு மாதத்தில் தர வேண்டும். எங்கள் ஃபைலில் அந்த "கொலை மிரட்டல்" வரி இன்னும் இருக்கிறது, பக்கத்தில் ஒரு திருத்தக் குறிப்போடு.